பழைய இயந்திரத்திற்கு நியாய விலை எது?

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம் பிள்ளைகளிடம் "இனி என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு கடை வைப்பதைப் பற்றியே பேசுவர். என் தமக்கை மகன் வேறு விதமாகச் சொன்னான். தம்மாமில் 9 ஆண்டுகள் மண்தோண்டி இயந்திரம் ஓட்டியவன் அவன். "இனிச் சபர் வேண்டாம் மாமு. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். சொந்தமாக ஒரு மினி வண்டி வாங்கித் திருச்சியிலேயே ஓட்டுகிறேன்" என்றான்.

புதிய வண்டிக்குக் கொட்டேஷன் வாங்கிப் பார்த்தான். அவனுடைய சேமிப்பு அதில் பாதிக்கும் எட்டவில்லை. மீதியைக் கடனாகத் தர நிதி நிறுவனங்கள் காத்துக்கொண்டிருந்தன. என் தமக்கை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "வட்டிக் காசில் வாங்கிய இரும்பு என் வாசலில் நிற்க வேண்டாம்." ஆகவே பழைய வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. பொன்மலையில் இயந்திரப் பட்டறை வேலையிலேயே என் வாலிபம் கழிந்தது என்பதால், பார்த்து வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த 2 மாத அலைச்சலில் கண்டதையும் கற்றதையும் எழுதினால், இதே எண்ணத்தோடு ஊர் திரும்பும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

இந்த இயந்திரங்களுக்கு நம் மக்கள் பெயர் சூட்டிய விதமே சுவையானது. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். ஜேசிபி என்பது 1945-இல் இங்கிலாந்தில் பட்டறை தொடங்கிய ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவரின் பெயரிலுள்ள முதலெழுத்துகள். அந்நிறுவனம் 1979-இல் அரியானாவின் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குள் வந்தது. ஹிட்டாச்சி ஜப்பானுடையது, 1980களில் டாட்டா குழுமத்தோடு கைகோத்தது. இன்று நம் ஊரில் முன்னால் அள்ளி, பின்னால் தோண்டும் டயர் வண்டி எந்த நிறுவனத்துடையதாயினும் அது ஜேசிபிதான். செயினில் ஊர்ந்து செல்வது எதுவாயினும் ஹிட்டாச்சிதான். அதன் குட்டி, மினி ஹிட்டாச்சி! இலங்கைத் தமிழரோ இவை எல்லாவற்றையும் பெக்கோ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர்.

குட்டி வண்டி பிறந்த இடம் ஜப்பான். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் யன்மார், தகேயுச்சி போன்ற அந்நாட்டு நிறுவனங்கள் இதனை உருவாக்கின. வீடுகள் நெருங்கிய தெருக்களில் பெரிய இயந்திரம் நுழைய முடியாது. ஆள் வைத்துத் தோண்டினால் நாளும் கூலியும் கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியை நிரப்பவே இது வந்தது. திருச்சியின் நிலையும் அதுவே. 1994-இல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதனோடு இணைந்தன. அதன் பின்னர் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் என்று ஏதேனும் ஒரு பணிக்காகத் தெருக்கள் தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. பெரிய கடைவீதியின் பின்புறச் சந்துகளிலும், ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளிலிருந்து கிளைக்கும் முடுக்குகளிலும் டயர் வண்டி திரும்ப இடமேது? 3 டன் எடையுள்ள குட்டி வண்டி அங்கே நின்ற இடத்திலேயே சுழன்று வேலை செய்துவிடுகிறது.

முதலில் நாங்கள் பார்த்த வண்டி, புறவழிச் சாலையோரம் ஒரு யார்டில் நின்றது. மணப்பெண்போல் ஜொலித்தது. புது வர்ணம், புது ரப்பர் செயின், இருக்கைக்குப் புது உறை. ஹவர் மீட்டர் 2,860 மணி என்று காட்டியது. தரகர் 13 இலட்சம் சொன்னார்.

நம் மாவட்டத்து மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்பவர் எவரும் கொம்பில் பூசிய வர்ணத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இயந்திரத்துக்கும் பல் உண்டு. செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பற்கள் புதிதில் மழுங்கி அகன்றிருக்கும்; உழைக்க உழைக்கத் தேய்ந்து, ஒரு பக்கமாக வளைந்து கூர்மையாகிவிடும். இந்த வண்டியின் பற்கள் சுறாவின் பற்களைப்போல இருந்தன. 2,860 மணி ஓடிய வண்டிக்கு இது பொருந்தாது. புதுச் செயினைத் தேய்ந்த பல்லின்மேல் மாட்டினால், அந்தப் பல்லே புதுச் செயினைத் தின்றுவிடும் என்பது வேறு. அடுத்துக் கைப்பிடியைப் பார்த்தோம். ஓட்டுநரின் உள்ளங்கை பட்டுப்பட்டு அதன் ரப்பர் வழுவழுவென்று ஆகியிருந்தது. கால் மிதியின் வரிகள் அழிந்திருந்தன. மீட்டரை மாற்றுவது எளிது. மிதியையும் பிடியையும் மாற்ற வேண்டுமென்று அநேகமாக எவருக்கும் தோன்றுவதில்லை.

காலை 7 மணிக்கே நாங்கள் போயிருந்தோம். என் மருமகன் முதலில் செய்த காரியம், எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். இளஞ்சூடு இருந்தது.

"காலையிலேயே ஓட்டினீர்களா அண்ணே?"

"கழுவுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தினோம் பாய்."

இரவெல்லாம் குளிர்ந்து நின்ற எஞ்சின் முதல் சாவியில் எப்படி எழும்புகிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பதில்தான் அதன் உடல்நலம் தெரியும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை நீடித்தால் காற்றோ டீசலோ அளவாகப் போகவில்லை. வெண்புகை சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறதோ என்று ஐயப்பட வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் இவற்றில் பாதி மறைந்துவிடும். விற்பவர் எல்லோரும் வஞ்சகர் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே கழுவியும் இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட வண்டியை மறுநாள் மறுபடியும் போய்ப் பார்ப்பதே முறை.

எஞ்சினுக்கு நேர்மாறானது ஹைட்ராலிக். குளிர்ந்த ஆயிலில் எந்தப் பம்பும் பலசாலிதான். சூடாகி ஆயில் இளகிய பிறகே அதன் பலவீனம் வெளிப்படும். டீசலுக்கு நாங்களே பணம் கொடுத்து, ஒரு மணி நேரம் மண் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றோம். அரை மனத்தோடு சம்மதித்தார். முக்கால் மணி கடந்ததும் வண்டி சுழலும் வேகம் குறைந்தது. பக்கெட் நிறைய மண்ணை அள்ளிப் பூமை உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு 10 நிமிடம் காத்திருந்தோம். யாரும் தொடாமலே பூம் நான்கு விரற்கடை இறங்கியது. சிலிண்டரின் சீலோ வால்வோ உள்ளே கசிகிறது என்பதே அதன் பொருள். பூமின் அடியில் புது வர்ணத்தின்மேல் விரலை ஓட்டியபோது, வெல்டிங் வரப்பு ஒன்று தட்டுப்பட்டது. அந்த இடத்தில் ஒருமுறை விரிசல் விட்டிருக்கிறது.

நாங்கள் கிளம்பியதும் தரகர் 11 இலட்சத்துக்கு இறங்கினார். கூடவே கைப்பேசியில், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் ரொக்கத்தோடு வந்துகொண்டிருப்பதாக உரக்கப் பேசினார். நாங்கள் எதிரிலிருந்த தேநீர்க் கடையில் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். எவரும் வரவில்லை. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கு மார்க்க நூல்களில் நஜ்ஷ் என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த வாணிபங்களில் அதுவும் ஒன்று. வராத ஆளை வருவதாகச் சொல்வதும் அதன் தம்பிதான்.

அந்த வண்டியை விட்டது பற்றி மருமகனுக்கு வருத்தமே. அவனுக்கு அவசரம். ஊர் திரும்பியவனின் சேமிப்பு, மார்கழிப் பனிபோலக் கரையும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. "எல்லாப் பழைய வண்டியிலும் ஏதாவது குறை இருக்கும் மாமு" என்றான். இருக்கும், குறையில்லாத பழைய வண்டி உலகத்தில் இல்லை. அந்தக் குறை விலைக்குள் வந்திருக்கிறதா, அல்லது வர்ணத்துக்குள் ஒளிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பிறகு பார்த்த வண்டிகளைப் பற்றி விரித்து எழுதத் தேவையில்லை. ஒன்று ஜப்பானில் ஓடி ஓய்ந்து இறக்குமதியானது; நல்ல வண்டிதான், எனினும் அந்த மாடலுக்கு உதிரிபாகம் இங்கே கிடைக்குமா என்பதற்கு எவரிடமும் உறுதியான பதில் இல்லை. மற்றொன்று நீண்ட காலம் பாறை உடைக்கும் பிரேக்கர் பொருத்தி ஓடியது. மலைக்கோட்டையைச் சுமந்திருக்கும் இந்த ஊரில் அடியில் பாறை தட்டும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அதிர்ச்சி பின், புஷ் அனைத்தையும் உலுக்கிவிடுகிறது. ஆற்று மணலில் ஓடிய வண்டிக்கு வேறு நோய். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஈர மணல், உப்புத்தாளைப்போல் செயின் உருளைகளை அரைத்துவிடும். ஆகவே வண்டியின் வயதைக் கேட்பதற்கு முன்னால், அது எந்த மண்ணில் உழைத்தது என்று கேட்க வேண்டும். பக்கெட்டின் நுனியைத் தரையில் ஊன்றி மெல்லத் தூக்கி இறக்கினால், எந்தப் பின்னில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். வண்டியை 50 அடி நேராக ஓட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதிலிருந்து டிராக் மோட்டார்களின் பலாபலம் தெரியும். சிலிண்டர் தண்டின் பளபளப்பில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கார் வாங்கிப் பழகிய நாம் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுவோம். டயரில் ஓடும் ஜேசிபிக்கு அது உண்டு. சாலையில் தானே ஓடாமல் லாரியில் ஏறிச் செல்லும் செயின் வண்டிக்குப் பொதுவாக அது இருப்பதில்லை. முதலில் வாங்கியபோது கொடுத்த இன்வாய்ஸ், கைமாறியிருந்தால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் உரிய பில், கடனில் வாங்கப்பட்டிருந்தால் நிதி நிறுவனம் தரும் தடையின்மைச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவையே அதன் பிறப்புச் சான்றும் குலவரலாறும். வண்டியில் அடிக்கப்பட்ட சீரியல் எண்ணும் எஞ்சின் எண்ணும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கடன் தீராத வண்டியை வாங்கியவனிடமிருந்து, ஒரு நாள் நிதி நிறுவனத்தார் வந்து அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அழுது பயனில்லை.

இப்படியாக ஆறாவது வாரத்தில்தான் ஸ்ரீரங்கத்து வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். டீசல் பம்பு பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: "வடக்கே, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. ஓட்டியவர் மவுத்தாகி ஏழெட்டு மாதம் ஆகிறது. வீட்டம்மா விற்கப் பார்க்கிறார்."

காவிரிப் பாலத்தைக் கடந்து போனோம். தென்னை ஓலை வேய்ந்த கொட்டகையில் வண்டி நின்றது. வர்ணம் வெளுத்து, பக்கெட்டில் மழைநீர் தேங்கி, செயின் ஓரங்களில் வெடிப்பு விழுந்து, பார்த்தவுடன் மனத்தைக் கவரும்படி ஒன்றுமில்லை. ஹவர் மீட்டர் 5,140. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் அந்த அம்மையார் உள்ளே போய் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் முதல் நாளிலிருந்து எழுதிவந்தது. எத்தனையாவது மணியில் எஞ்சின் ஆயில் மாற்றியது, எந்த மாதம் ஹைட்ராலிக் ஃபில்டர், எந்தச் சந்தில் எத்தனை மணி வேலை, எவரிடம் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொரு வரியாக. இடையில், "பூம் சிலிண்டர் சீல் மாற்றம், மறுபடி லேசாகக் கசிவு" என்று தம் வண்டியின் குறையையும் தாமே எழுதியிருந்தார். மருமகன் அந்த நோட்டை வாங்கி நின்றபடியே வெகுநேரம் படித்தான். தொழிலாளி ஒருவன் இன்னொரு தொழிலாளியின் கையெழுத்தைப் படிப்பதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

வேறு பேட்டரி கொண்டுபோய் மறுநாள் காலை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாம் சாவியில் எழும்பியது. புகை சற்று நேரத்தில் தெளிந்தது. பூம் 10 நிமிடத்தில் ஒரு விரற்கடை இறங்கியது. நோட்டிலேயே எழுதியிருந்த குறை. ஆர்ம் புஷ்களில் ஆட்டம் இருந்தது. லைன் போரிங் செய்ய வேண்டும். பெல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த பட்டறைகள் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் நிறைந்திருக்க, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. செயின் இரண்டும் புதிதாகப் போட்டாக வேண்டும். சுழல் வளையத்தில் ஆட்டம் இல்லை. அது பெரிய நிம்மதி.

"என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள் அக்கா?" என்று மருமகன் கேட்டான்.

"ஒரு தரகர் 7 இலட்சம் என்றார் பாய். 8 கிடைத்தால் போதும். பையன் கடைசி வருஷம் படிக்கிறான், பரீட்சைக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும்" என்றார்.

நான் மருமகன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். எங்கள் பையில் ஒரு கணக்குத் தாள் இருந்தது. பழைய வண்டிக்கு விலை போடும் முறையை நான் அவனுக்கு இப்படிச் சொல்லியிருந்தேன்: ஏறக்குறைய அதே வயதும் உழைப்பும் உள்ள, பழுதில்லாத வண்டி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று மூன்று இடத்தில் விசாரி. கேட்ட விலை வேறு, கொடுத்த விலை வேறு. கொடுத்த விலையை மட்டும் எழுது. அதிலிருந்து, நீ பார்த்த ஒவ்வொரு குறையையும் சரிசெய்யப் பட்டறைக்காரர் சொல்லும் தொகையைக் கழி. அந்த முறைப்படி, அவன் விசாரித்த பழுதில்லாத விலை 11,50,000. செயின், புஷ் வேலை, சீல்கள், பேட்டரி, ஆயில் எல்லாமாகச் செலவு 1,90,000. மிச்சம் 9,60,000. அம்மையார் கேட்பதோ 8 இலட்சம்.

"வீட்டில் கலந்துகொண்டு நாளை வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். பாலத்தின்மேல் வரும்போது மருமகன், "நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லையே மாமு. விலை அவர் வாயால் வந்ததுதானே?" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தரகர் சொன்னதைவிட ஓர் இலட்சம் கூடத்தானே கொடுக்கப் போகிறோம் என்று மனம் தனக்குத்தானே சமாதானம் தேடிக்கொண்டது. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுச் சந்தை நினைவுக்கு வந்தது. அங்கே அந்தத் துண்டு விலையை ஊராரிடமிருந்துதான் மறைக்கும். பேசுகிற இருவருக்கும் அது தெரியும். இங்கே துண்டு அந்தப் பெண்ணுக்கும் எங்களுக்கும் நடுவில் அல்லவா கிடந்தது!

இரவு சாப்பாட்டின்போது என் தமக்கை முழுவதையும் கேட்டார். பிறகு, எப்போதோ பயானில் கேட்ட ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் குதிரை வரலாற்றைச் சொன்னார். தப்ரானீயில் பதிவாகியுள்ள செய்தி அது. அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உரிமையாளரையும் அழைத்துவந்தார். ஜரீர் அவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு, இது அதற்கு மேல் பெறுமே, நானூறுக்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். அப்படியே படிப்படியாகத் தாமே உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். ஏன் என்று வினவியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாக்களித்திருப்பதாகச் சொன்னார்கள்.

"அவர் முஸ்லிம் இல்லையே அம்மா" என்றான் மருமகன், விளையாட்டாகத்தான்.

தமக்கை அவனை ஏறிட்டுப் பார்த்தார். "உன் அத்தா மவுத்தானபோது நம் வீட்டுப் பழைய வேனை எவன் வாங்கினான், என்ன விலைக்கு வாங்கினான் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவன் முஸ்லிம்தான்" என்றார். அதன்பின் அங்கே பேச்சு எழவில்லை.

மறுநாள் கணக்குத் தாளோடு போனோம். அம்மையாரும், கல்லூரியில் படிக்கும் மகனும், மாமியாரான முதியவரும் இருந்தார்கள். தாளை விரித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னோம். மருமகன் 9,25,000 தருவதாகச் சொன்னான். 9,60,000 வரவேண்டிய இடத்தில் ஏன் 9,25,000 என்றால், கண்ணுக்குத் தெரியாத குறைக்கு 35,000 ஒதுக்கியிருப்பதாக அதையும் வெளிப்படையாகவே சொன்னான். முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பிள்ளை கெட்டிக்காரன்! கைப்பேசியில் என்னவெல்லாமோ தேடிப் பார்த்துவிட்டு, "அங்கிள், செயினுக்கு நீங்கள் போட்ட விலை அதிகம். எங்கள் நோட்டில் எல்லாக் குறையும் எழுதியிருக்கும்போது தெரியாத குறைக்கு எதற்கு 35,000? 10 இலட்சம் கொடுங்கள்" என்றான். என் மருமகனின் முகம் சுருங்கிவிட்டது. நல்லது செய்யப் போய் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று அவன் நினைத்தது எனக்கு விளங்கியது. பிறகு அரை மணி நேரம் மெய்யான பேரம் நடந்தது. செயின் விலையை மூன்றாம் ஆளிடம் போன் செய்து கேட்டதில் பையன் சொன்னது ஓரளவு சரி. புஷ் வேலையில் நாங்கள் சொன்னது சரி. 9,40,000-இல் இரு தரப்பும் ஒத்துக்கொண்டோம். பொருளைப் பழிக்காமலும் இல்லாத ஆளை வரவழைக்காமலும், ஒரே தாளை நடுவில் வைத்துக்கொண்டு பேசிய பேரம் அது. என் ஆயுளில் அப்படி ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒப்பந்தம் எழுதும்போது சில செய்திகளில் கண்டிப்பாக இருந்தோம். வண்டி இறந்தவர் பெயரில் இருப்பதால் மனைவி மட்டும் விற்றால் போதாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழின்படி மகன், மணமான மகள், இறந்தவரின் தாயார் அனைவரும் கையெழுத்திட்டனர். முன்பணம் 50,000. 3 நாட்களுக்குள், தாளில் கண்ட குறைகளுக்கு மேல் பெரிய குறை ஏதும் பட்டறையில் தெரிந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம் என்று ஒரு நிபந்தனை. ஃபிக்ஹு நூல்களில் கியாருஷ் ஷர்த் என்று வரும் உரிமையே இது. அதை எளிய தமிழில் எழுதிக்கொள்ள எவரும் மறுப்பதில்லை. வாங்குபவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுப் போக்கு ஆதலால், இத்தகைய நிபந்தனையை எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு. மீதித் தொகை வங்கி வழியாகச் சென்றது. 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பழைய வண்டி வியாபாரத்தில் இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, அது தவறு.

பணம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். மருமகன் 6,50,000, அவனுடைய தங்கை கணவர் 3 இலட்சம், நான் 2 இலட்சம். வண்டியின் விலைக்கும் பழுது பார்க்கும் செலவுக்கும் அது போதுமானதாயிற்று. எங்கள் ஹனஃபி மத்ஹபின்படி, உழைப்பவனுக்கு இலாபத்தில் கூடுதல் பங்கு வைக்கலாம். நட்டம் வந்தால் முதலின் விகிதப்படியே ஏற்க வேண்டும். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு அப்படியே எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் பெற்றோம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் திருவசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. அவ்வளவு விரிவாக வந்த கட்டளையை, சொந்தக்காரர்தானே என்ற ஒரு வார்த்தையில் நாம் தள்ளிவிடுகிறோம்.

வண்டியை லாரியில் ஏற்றியபோது அந்த அம்மையார் நோட்டையும் கொடுத்துவிட்டார். கடைசிச் சில பக்கங்கள் எழுதப்படாமல் இருந்தன.

2 மாதம் கழித்து இடது டிராக் மோட்டாரில் கசிவு கண்டது. செலவு 38,000. தாளில் ஒதுக்கிய 35,000-இல் ஒரு பகுதியைப் பேரத்தில் விட்டுக்கொடுத்திருந்தபடியால் மருமகனுக்கு மனம் கசந்தது. அவர்களிடம் கேட்கலாமா என்றான். நோட்டை எடுத்துப் பார்த்தோம். டிராக் மோட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. 3 நாள் தவணையும் என்றோ முடிந்துவிட்டது. துவாக்குடிப் பட்டறையில் அவனே கூட நின்று பிரித்து, சீல் மாற்றி, ஐந்தாம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வடிகால் வேலைக்குப் போய்விட்டான். அன்று இரவு நோட்டில் தேதியும் மீட்டர் மணியும் போட்டு, "இடது டிராக் மோட்டார் சீல், செலவு 38,000" என்று அவருடைய கையெழுத்துக்குக் கீழே எழுதினான்.